ஒன்பது மீட்டர் பீம்

ஜூலை 8
கட்டடக்கலை இரண்டாம் வருடத்துக்கு, கூரையைத் தாங்கும் பீம் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே புது ஆசிரியை, வெயில்காரி, தன் வகுப்புப் பிள்ளைகளோடு கட்டட நிழலை அளந்துகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் எல்லார் வாயிலும் அவள் பேச்சுதான். எப்போதும் வெயிலில் நின்றே பாடம் நடத்துவதால் அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது. அதையும் பிள்ளைகள் ஆசையாகச் சொல்கிறார்கள்.

ஜூலை 15
துறைத் தலைவர் கூப்பிட்டார். சிமெண்டையும் கரண்டையும் மிச்சம்பிடித்துக் கட்டுவது பற்றி கடைசி வருடத்துக்கு நான் எடுக்கும் ‘பசுமைக் கட்டடம்’ பாடத்தை நிறுத்திவிடலாம் என்பது வெயில்காரியின் யோசனையாம்.

“தனிப் பாடமா இருந்தா பரீட்சை எழுதிட்டு மறந்துடுறாங்க. டிசைன், பீம், எஸ்டிமேட், எல்லாத்துலயும் கலந்துடணும்ங்கறாங்க. அடுத்த மாசம் பாடத்திட்டக் குழுவுல பேசலாம் மேடம்.”

பசுமை என்றாலே செடி வளர்ப்பதா என்று கேட்ட காலத்தில் நான் சண்டை போட்டு வாங்கிய பாடம். அதை உப்பு மாதிரி கரைத்துவிடுவார்களாம்.

ஜூலை 16
வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். “உன் வயித்தெரிச்சல்ல சமைச்சா கேஸ் மிச்சம். அதுவும் பசுமைதானே” என்றார். அவரோடு பேசவில்லை.

பொறாமையா எனக்கு? ஆமா, பொறாமைதான். அவ சிரிப்பு மேல, அவ பின்னாடியே ஓடுற கூட்டத்து மேல. என் பின்னாடி யார் ஓடினா?

ஜூலை 22
குழுவில் எதிர்க்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 5
வகுப்பில் வழக்கமான கணக்கு — விடுதிச் சாப்பாட்டுக் கூடம், குறுக்கே ஒன்பது மீட்டர் பீம். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

“சாப்பிடுற இடந்தானே மேம், நடுவுல ஒரு தூண் வச்சா என்ன? இவ்ளோ பெரிய பீம் எதுக்கு?”

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“எதைப் போடுறதுக்கு முன்னாடியும் இது வேணுமான்னு கேளுங்கன்னு வெயில் மேம் சொன்னாங்க.”

அறைக்கு வந்து, நடுவில் ஒரு தூணோடு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பீமின் ஆழம் பாதியானது. தூணையும் அஸ்திவாரத்தையும் சேர்த்தாலும் கான்கிரீட் மிச்சம்தான். வருடா வருடம் காலையில் இந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மாலையில் பசுமை நடத்தியிருக்கிறேன். அங்கே ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 6
அந்தப் பெண் என்னிடம் கேட்டுத் தொலைத்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 19
குழு கூடியது. “ஆட்சேபணை இருக்கா மேடம்?” என்றார் தலைவர். இல்லை என்றேன். பீம் பாடத்தை மட்டும் நானே திருத்தி எழுதுகிறேன் என்றேன், முதல் கணக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடம், தூணோடு ஒரு தடவை, தூணில்லாமல் ஒரு தடவை.

எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது வெயில்காரி. அதிலும் முந்திக்கொண்டாள்.