வக்கீலுக்குத் துணை

ஜூன் 19, 2016

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ புது வேலைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதம் என்றால் தபால்பெட்டிக்குப் போவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீ சொன்னது சரிதான். ஆனால் பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். பல் செட் செய்கிறவளைப் பக்கத்து வீட்டார் டாக்டரம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் நீ முறைப்பாய். இப்போது முறைக்க முடியாதல்லவா, அதனால் அப்படியே ஆரம்பித்துவிட்டேன்.

நாம் வளர்க்கும் எலிகள் இரண்டும் சுகம். மேனேஜர் வழக்கம்போலத் தீனிக் கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு யாரையும் நெருங்க விடுவதில்லை. வக்கீலுக்குத்தான் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் மூச்சு கரகரவென்கிறது. நீ போன மறுநாள் இருவரும் உன் தலையணைக்குள் புகுந்துவிட்டார்கள். உறையைக் கடித்துவிட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாம் பேசிக்கொண்டதை மறக்கவில்லை. ஒன்றரை வயதான எலிகளை, அதுவும் மூச்சுக் கோளாறோடு, இரண்டு நாள் ரயிலில் கொண்டுவர முடியாது. இவர்கள் இருக்கிறவரை நான் இங்கே. இவர்கள் போனதும் மூக்குக்கண்ணாடிக்கடையைக் காலி செய்துவிட்டு உன்னிடம். மிஞ்சிப்போனால் ஒரு வருடம்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜூலை 8, 2016

அன்புள்ள உங்களுக்கு,

தலையணை உறை போனால் போகட்டும். வக்கீலின் கீழ்ப்பற்களை வாரம் ஒருமுறை பாருங்கள். வயதான எலி சரியாகக் கொறிக்காது, பல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். வளைந்து வாயில் குத்தினால் பட்டினி கிடக்கும். நான் இருந்தால் நறுக்கிவிடுவேன். நீங்கள் தயவுசெய்து கத்தரியைக் கையில் எடுக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பல் மஞ்சளாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம், எலிக்கு அதுதான் நிறம்.

இங்கே வேலை அதிகம். எனக்குக் கீழே நாலு பேர். நாள் முழுக்க மெழுகில் பல் அடுக்கி அடுக்கி, சாயங்காலம் யார் சிரித்தாலும் பல்வரிசைதான் கண்ணில் படுகிறது. வீட்டுக்காரம்மாவிடம் எலிகளைப் பற்றி மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தேன். "எலி வராம இருக்கத்தாம்மா மாசாமாசம் மருந்து வைக்கிறேன். நீ என்னடான்னா கூட்டிட்டு வரேங்கிறியே" என்றார்.

அலமாரியில் பாதியைக் காலியாக வைத்திருக்கிறேன். தெருமுனைக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தீட்ட ஆள் தேடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து ஒருவர் வருவார் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எலிகள் சாப்பிட்டதைத்தான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை.

உங்கள்,
பல்லுக்காரி


டிசம்பர் 4, 2016

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மேனேஜர் போய்விட்டார். ஒரு மாதமாகவே பின்னங்கால்களை இழுத்துக்கொண்டுதான் நடந்தார். கடைசி வாரம் முட்டையின் மஞ்சளைக் குழைத்து விரலில் தடவிக் கொடுத்தேன், நக்கிக்கொண்டார். வியாழக்கிழமை மத்தியானம் நான் கடையிலிருந்து வந்தபோது வக்கீல் அவர் முகத்தை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆனால் உயிர் எப்போதோ போயிருந்தது.

அன்றிலிருந்து வக்கீல் சாப்பிடவில்லை. கூண்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எலி தனியாக இருந்தால் ஏங்கியே போய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அதனால் துணைக்கு ஒரு குட்டி வாங்கலாம் என்று பிராணிகள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் விடவில்லை. "ஒண்ணா எடுத்துட்டுப் போகாதீங்க சார். கிழவரால குட்டிகூட ஓடியாட முடியுமா? ரெண்டா எடுங்க. அதுங்க பாட்டுக்கு விளையாடும், இவரு பாட்டுக்குத் தூங்குவாரு" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

மூவரையும் குளியலறைத் தரையில் விட்டுப் பழக்கினேன். யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்றால் சண்டை வராதாம். அரை மணி நேரத்தில் வக்கீல் தம்பியின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டார். இன்று காலை சாப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோபப்படாதே. இது வக்கீலுக்காக மட்டும்தான்.

உன்,
கண்ணாடிக்காரன்


டிசம்பர் 20, 2016

அன்புள்ள உங்களுக்கு,

மேனேஜரை நினைத்து வேலையிடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், "பல்வலியா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எலி செத்ததற்கு அழுகிறேன் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

ஆனால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். குட்டிகளுக்கு வயது இரண்டு மாதம். எலியின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம் என்று நம் இருவருக்கும் தெரியும். வக்கீலுக்குத் துணை அண்ணனும் தம்பியும். வக்கீல் போனால் அண்ணனுக்குத் தம்பி துணை. தம்பி மட்டும் மிஞ்சினால் அவனுக்கு யார் துணை? இப்படியே போனால் உங்களுக்கு எழுபது வயதாகும்போதும் கூண்டில் யாராவது ஒருவர் பாவமாக உட்கார்ந்திருப்பார். நாம் ஒரு தேதியைக் குறித்துப் பேசியிருக்க வேண்டும். எலியின் உயிரை வைத்துப் பேசியது நம் இருவருடைய முட்டாள்தனம்.

வக்கீல் இருக்கிறவரை இருங்கள். பிறகு குட்டிகளை நல்லவர்கள் யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள்,
பல்லுக்காரி


மே 28, 2017

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

வக்கீல் என் மடியிலேயே போனார். மூன்று நாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கடையை அடைத்துவிட்டுக் கூடவே இருந்தேன்.

நீ சொன்னபடி அண்ணனையும் தம்பியையும் கொடுக்கப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆசைதான், அவள் அம்மா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். "எடுத்துக்கறேன் சார். ஆனா அப்புறம் யாருக்கு வித்தேன்னு கேக்காதீங்க. பாம்பு வளக்கறவங்களும் வராங்க" என்றார். இருவரையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ள மாட்டாயா? இரண்டு வருடம் என்று எழுதக் கை வரவில்லை.

உன்,
கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 11, 2018

அன்புள்ள உங்களுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நான் அங்கே இருந்த நான்கு நாளும் நீங்கள் என்னை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டீர்கள். அண்ணனும் தம்பியும் என் கம்பளிச் சட்டையின் கைக்குள் தூங்கியபோது கிளம்பவே மனம் வரவில்லை. தடவிக்கொடுத்தால் சந்தோஷத்தில் பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு கண்ணை உருட்டுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ஆனால் கடையில் புது மேசை போட்டிருக்கிறீர்கள். காலி செய்யப்போகிற கடைக்கு யாராவது அவ்வளவு பெரிய மேசை வாங்குவார்களா? நேரிலேயே கேட்கலாம் என்று இருந்தேன். சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் சண்டை போடக்கூட அலுப்பாக இருக்கிறது.

உங்கள்,
பல்லுக்காரி


ஆகஸ்ட் 3, 2019

என் அன்புக்குரியவளுக்கு,

உன் கடைசிக் கடிதம் ஜனவரியில் வந்தது. அதிலும் நாலே வரி. நானும் சரியாக எழுதவில்லை.

அண்ணன் மே மாதம் போனான். தம்பி தனியானான். பிராணிக் கடைக்காரர் ஆறு குட்டிகளைக் காட்டினார். கை நீளத்தான் பார்த்தது, வாங்காமல் வந்துவிட்டேன். தம்பிக்கு நான் செய்தது கொடுமைதான். அதற்கு ஈடாக அவனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் கடைக்குப் போனேன். கண் பரிசோதிக்க வந்த அம்மா ஒருவர், "சார், உங்க பாக்கெட்ல என்னமோ அசையுது" என்றார். "உங்க பார்வை நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பினேன். போன செவ்வாய்க்கிழமை அவனும் போய்விட்டான்.

மேசையைப் பற்றி நீ கேட்டதற்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் வேறு ஊருக்குப் போய் இன்னொருவர் கடையில் லென்ஸ் தீட்டுவதை நினைத்தால் கூச்சமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் எலிகளைச் சொன்னேன். அவர்கள்மேல் வைத்த பாசம் நிஜம். அவர்கள் எனக்குச் சாக்காக இருந்ததும் நிஜம். உன்னை மூன்று வருடம் காக்க வைத்துவிட்டேன்.

கூண்டைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். பதினான்காம் தேதி ரயில் ஏறுகிறேன். பதினாறாம் தேதி காலை அங்கே இருப்பேன்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஆகஸ்ட் 8, 2019

அன்புள்ள உங்களுக்கு,

தம்பியைப் பற்றிப் படித்தேன். பாவம், கடைசியில் கண்ணாடிக்கடை பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

எலிகள் ஒரு சாக்கு என்பது மேசையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக இப்போது கோபம் இல்லை. உங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. போன நவம்பரில் பித்தப்பையில் கல் என்று எனக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். படிவத்தில், கூட இருந்து பார்த்துக்கொள்பவர் பெயரை எழுதச் சொன்னார்கள். உங்கள் பெயரை எழுதினேன். இவர் கிளம்பி வந்தால் அண்ணனையும் தம்பியையும் யார் பார்ப்பார்கள் என்று நானே யோசித்து, நானே அடித்துவிட்டேன். பிறகு, பல்வலியா என்று கேட்டாளே, அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டேன்.

மூன்று நாள் அவள்தான் கூட இருந்தாள். படுத்துக்கொண்டு உங்கள் கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். விரலில் தடவி ஊட்டியது, கடையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த மனிதருக்கு யாரையும் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று திட்டிவிட்டுத் தூங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உங்களுக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்குத்தான் எனக்குக் காத்திருக்கும் ஆசை விட்டுப்போயிற்று.

வேறு யாரும் இல்லை, தப்பாக நினைக்க வேண்டாம். அலமாரியின் மறுபாதியிலும் என் துணிகளை அடுக்கிவிட்டேன். காத்திருந்து காத்திருந்து களைத்துப் போனேன், அவ்வளவுதான். இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பில்லை. உங்கள் கடையும் மேசையும் அங்கேயே இருக்கட்டும்.

பதினாறாம் தேதி ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். நீங்கள் வந்து கதவைத் தட்டினால் திறந்துவிடுவேன். சாப்பாடு போடுவேன், இருங்கள் என்றும் சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். வராதீர்கள்.

பல்லுக்காரி