வீட்டுப் பாஷை

இஞ்சாருங்கோ,

நான் ஷிப்டுக்குப் போறன். சோறும் மீன்குழம்பும் அடுப்பிலை.

மூண்டு மணிக்கு மகள் ஆரபியைப் பள்ளிக்கூடத்திலை அந்தப் பிரெஞ்சு வகுப்பு ரீச்சரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கதைக்க வைச்சுப் பார்த்துத்தான் இடம் குடுப்பினமாம்.

பள்ளிக்கூடம் தந்த போமிலை வீட்டுப் பாஷை பிரெஞ்சு எண்டு எழுதினது நீங்கள். பாரிசிலை எட்டு வருசம் ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவின உங்களுக்கே 'வீ ஷெஃப்', அதுதான் 'ஓம் ஷெஃப்', அதுக்கு மேலை வராது! பிள்ளை 'ஓம்' எண்டால் ரீச்சருக்கு அது பிரெஞ்சிலை 'ஆம்பிளை' எண்டு கேக்கும் எண்டு ஒரு கிழமையாய் அவளை ஏசுறியள்.

நேற்றுக் காலமை அவளிட்டைப் 'போட்டு வாறன்' எண்டன். எப்பவும் 'ஓம் அம்மா' எண்டு சொல்லுற பிள்ளை, உங்கடை முகத்தைப் பார்த்துப்போட்டு, வாய் திறக்காமல் தலையாட்டினவள்.

பி.கு: பிரிட்ஜுக்கு மேலை வேறை போம் இருக்கு. தமிழ் எண்டு நிரப்பிக் கையெழுத்தும் வைச்சிட்டன். அதைக் குடுங்கோ.

இடம் கிடைக்காட்டில் என்னை ஏசுங்கோ. அவளை ஓம் சொல்ல விடுங்கோ.