அந்தோணி, மூன்றாம் நம்பர் படகு குதிப்பது நின்றுவிட்டது

என் ஆசைத் தம்பி அந்தோணிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நம்பர் படகு இப்போது குதிப்பதில்லை. நேற்றுக் காலையில் ஏரியில் முழு வேகத்தில் விட்டுப் பார்த்தோம். ஓட்டியது யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதே லே. பொம்பளப்பிள்ள போட்டுல ஏறக்கூடாது என்று கரையிலேயே நிறுத்தி வளர்த்தார்களே, அந்த ரோஸ்லின்தான்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. படப்பை வீட்டில் உன் அறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஹவுஸ் ஓனரம்மா இரண்டு தடவை ஜாடையாகக் கேட்டுவிட்டது. காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். கம்பெனிக்கு அதே ஷேர் ஆட்டோதான். மண்ணூர் வரைக்கும் ஜன்னலோர இடம் எனக்கே கிடைக்கிறது. சண்டை போட ஆள் இல்லையே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆட்டோக் கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

பைபர் கதவும் நாற்காலியும் செய்துகொண்டிருந்த நம் கம்பெனி, பதினாறு அடி மீன்பிடிப் படகு செய்ய ஆரம்பித்தபோது எவ்வளவு குதூகலமாய் இருந்தாய். தூத்துக்குடிக் கடலில் அப்பாவோடு படகோட்டியவன் என்று உன்னைச் சோதனை ஓட்டத்துக்கு வைத்தார்கள். நான் குவாலிட்டி செக்கிங். நீ ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு படகுகள் நன்றாகவே போயின.

மூன்றாவதை ஏரியில் ஓட்டிவிட்டு முழுக்க நனைந்து வந்து நின்றாய். “எக்கா, வேகம் எடுத்ததும் முன்னால அணியம் தூக்குது. அப்புறம் தடால்னு விழுது. மறுபடியும் தூக்குது. ஓங்கில் மீன் மாதிரி குதிச்சிக்கிட்டே போகுது. போட்டுல என்னமோ கோளாறு இருக்கு.”

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகிறவனா நீ? பெட்ரோல் டாங்கை முன்பக்கம் நகர்த்தினாய். அணியத்தில் மணல் மூட்டை வைத்தாய். எஞ்சினின் சாய்வை மாற்றும் பின்னை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டாய். குதிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூக்கு தண்ணீரில் குத்த ஆரம்பித்து, வளைவில் படகு தன் இஷ்டத்துக்கு இழுத்தது. கடல்ல ரெண்டு பேர் வலையோட நிக்கும்போது இப்படி இழுத்தா ஆள் உள்ள போயிருவான் என்று சொன்னாய்.

நான் என்ன செய்தேன்? நீளம், அகலம், பைபர் ஓட்டின் கனம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. லைன் ஆட்கள் மொத்தமும் நிற்கும்போது, “போட்டுல ஒரு குத்தமும் இல்ல. ஓட்டுறவன் கையிலதான் குத்தம்” என்று சொல்லி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. உன் முகம் சுண்டிப் போனது. “நீ அளந்ததெல்லாம் மேல எக்கா. தண்ணி படுறது கீழ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நாம் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு. சோற்றைத் தட்டு போட்டு மூடி வைப்பேன். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருப்பாய். அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாலாம் நாள் கண்ணைத் திறந்து, “அந்த போட்ட அனுப்பிட்டியளா?” என்று கேட்டாய். “வாய மூடிட்டுப் படு” என்றேன். நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். வேறு ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்காமலா போயிற்று?

உன் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது படகு யார்டிலேயே தார்ப்பாய்க்குள் கிடந்தது. நம் ஊர்ப் பக்கத்துக் குப்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய படகு அது. மறுநாள் லாரி வருகிறது என்றார்கள். அண்ணன் தம்பி என்று கேட்டதும், வலையோடு நிற்கும் ரெண்டு பேர் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் சுவர் கட்டிய கொத்தனாரிடம் நீள மட்டக்கட்டை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு படகுக்குக் கீழே நுழைந்தேன். பின்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்கு அடிப்பகுதி நேராக இருக்க வேண்டும். மட்டக்கட்டை நடுவில் தொட்டது. பின் முனையில் இருந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. படகின் வயிறு தொங்கியிருந்தது, தம்பி; அந்தத் தொங்கல்தான் அதைக் குதிக்க வைத்திருக்கிறது.

பைபர் ஒட்டுகிற லேமினேஷன் டில்லி எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா, போட்டு கீழ பூந்துகினு இன்னா பண்றே?”

“மோல்டுல இருந்து எத்தன மணி நேரத்துல எடுத்தீங்க இத?”

“அன்னிக்கே சாயங்காலம். மோல்டு காலியாவணும்னாங்க. சூடு கூட ஆறல. முன்னாடி ஒரு ஸ்டாண்டு, பின்னாடி ஒரு ஸ்டாண்டு வச்சி, உள்ள ஏறி குறுக்குக் கட்ட ரிப்பு அடிச்சிட்டோம்.”

“நடுவுல ஒரு ஸ்டாண்டு உண்டுல்லா? அது எங்க?”

டில்லி என்னை ஒரு மாதிரி பார்த்தான். “அத்த நீதானக்கா எடுத்துகினு போன. மேல பிளைவுட்ட போட்டு, ரிப்போர்ட் எழுத டேபிளாக்கி வச்சிகினு கீறியே.”

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காயாத படகுக்கு நடுவில் முட்டு இல்லை. அது தொங்கியபடியே இறுகிவிட்டது. அந்த முட்டின் மேல் பேப்பரை வைத்துத்தான் உன் கையில் குற்றம் என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. டில்லி பாவம், டீ வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மேனேஜரிடம் போனேன். “ஓகேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப இல்லன்னா இன்னாம்மா அர்த்தம்?” என்றார்.

“என் தம்பி அன்னைக்கே சொன்னான் சார். நான்தான் கேக்கல. தப்பு என்னோடது. லாரிய நிறுத்துங்க.”

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் போனை எடுத்து லாரிக்காரனை வர வேண்டாம் என்றார்.

படகைக் கவிழ்த்துப் போட்டோம். பின்பக்க அடியைச் சுரண்டி, பைபர் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்தோம். மட்டக்கட்டை நடுவிலும் முனையிலும் ஒன்றாக உட்காரும் வரைக்கும் டில்லியை விடவில்லை. “நீ இன்னாக்கா உன் தம்பிக்கு மேல கீற” என்றான். நடுவில் மழை வேறு வந்து வேலையை மாதக்கணக்கில் இழுத்தது. குப்பத்துக்காரர்களிடம் நானே போனில் நடந்ததைச் சொன்னேன். அண்ணன்காரர் திட்டவில்லை. “தாமதமானா என்ன தாயி, சரியா வரட்டும்” என்றார்.

நேற்று, நீ ஓட்டுவதைக் கரையிலிருந்து பார்த்த நினைவில் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தேன். முன்னால் டில்லி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேகம் கூட்டினேன். அணியம் தூக்கியது. விழப்போகிறது என்று பல்லைக் கடித்தேன். விழவில்லை. படிந்து, அப்படியே மட்டமாக ஓடியது. இடது பக்கம் வளைத்தேன், சொன்ன பேச்சைக் கேட்டது. மணல் மூட்டை எதுவும் வைக்கவில்லை. உன்னை நினைத்து அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உனக்கு அது தெரியுமா?

இன்று காலை லாரி ஏறிப் போய்விட்டது. மேனேஜரிடம் சொல்லி ரிப்போர்ட் தாளை மாற்றிவிட்டேன். ஓட்டிப் பார்த்தவர் எழுத மேலே ஒரு கட்டம், எனக்கு அதற்குக் கீழே. பழைய தாளையும் தேடி எடுத்து, உன் பெயருக்கு நேராக ‘இவர் சொன்னது சரி’ என்று எழுதினேன்.

இனி ஓட்டியவன் ஒரு குறை சொன்னால், அவனோடு நானும் படகில் ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். இது உன் மேல் சத்தியம். உன்னோடு ஒரே ஒரு தடவை ஏறியிருக்கலாமே, தம்பி.

உன் பேச்சைக் கேட்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்ட
உன் அக்கா,
ரோஸ்லின்