இவருக்குப் பதில் இவர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய எபிசோடு சகிக்கவில்லை. மருமகள் கதவைத் திறந்தாள். வாசலில் யார் என்று காட்டுவதற்குள் மூன்று முறை இடி இடித்தது, மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள், விளம்பரம் போட்டுவிட்டான். விளம்பரம் முடிந்து பார்த்தால் வந்தது கேபிள்காரர். கேபிள்காரருக்கு எதற்கு இடி?

மாமியார் வேடக்காரி இன்றும் சோபாவை விட்டு எழவில்லை. பெற்ற மகன் பெட்டியோடு வீட்டை விட்டுப் போகிறான்; இவள் இருந்த இடத்திலிருந்தே "போகாதப்பா" என்கிறாள். கையைக்கூட நீட்டவில்லை. எனக்கென்ன என்று ஒரு நடிப்பு.

அந்த மாமியார் என் அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவள். இந்த நோட்டில் அதற்கெல்லாம் சலுகை கிடையாது. பேச்சு நின்று மூன்று வருடம். பார்ப்பது மட்டும் தினமும்.

"பிடிக்கலன்னா வேற சேனல் வையேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிடிக்கலன்னு யார் சொன்னா? நல்லா இல்லன்னுதான் சொன்னேன்."

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் செக்சன் பெண்கள் ஆகா ஓகோ என்று சொன்ன படத்துக்குப் போனோம். குண்டு பட்ட நாயகன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். தங்கைக்கு ஒரு புத்திமதி, நண்பனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. பின்வரிசையில் ஒருவர் "சீக்கிரம் போய்ச் சேருப்பா" என்றார். அந்தப் படத்திலேயே உருப்படியான வசனம் அதுதான்.

சாகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. அம்மா கடைசியாகச் சொன்னது "கால் சில்லுனு இருக்கு, மூடு." அவ்வளவுதான். அம்மாவுக்கு எப்போதும் கால்தான் குளிரும். எந்தப் போர்வையும் காலுக்கு எட்டாது.

மார்ச் 14, வெள்ளி

தொடரின் 'மறக்க முடியாத காட்சிகள்' என்று ஒரு தொகுப்புப் போட்டார்கள். எது வரும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். வந்தது.

மாமியாரின் தாய் இறந்து கிடக்கிறாள். மாமியார் வருகிறாள், ஒரு வரி பேசுகிறாள், விழுந்து அழுகிறாள். பிறகு பிணமாகக் கிடப்பவரின் காலைப் போர்வையால் இழுத்து மூடுகிறாள்.

அது எந்த நாளில் எடுத்த காட்சி என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் அம்மா போன நாள். காலையிலேயே சொல்லி அனுப்பினோம். எல்லாம் முடிந்து, சாயங்காலம் வந்து வாசலில் நின்றாள், முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. "நடிச்சது போதும், போ" என்று நான்தான் கதவைச் சாத்தினேன். சில வாரம் கழித்து டி.வி.யில் அந்த அழுகையைப் பார்த்தேன். பொய் அம்மாவுக்கு அத்தனை கண்ணீர். அதிலும் அந்தக் கால். எங்கள் அம்மாவின் குளிர்ந்த காலைத் தூக்கிக்கொண்டுபோய் டைரக்டரிடம் கொடுத்திருக்கிறாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 20, வியாழன்

வர வர மோசம். இன்று வசனத்தை மென்று விழுங்குகிறாள். டம்ளரை இடது கையால் எடுக்கிறாள், போன மாதம் வரை வலது கை. தொடர்ச்சி பார்க்க ஒரு ஆள் வைத்திருப்பார்களே, அவரும் தூங்குகிறாரா? தொழிற்சாலையில் சட்டைக்குத் தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி என் தலை நரைத்தது. கண்ணில் பட்டதை ஒட்டாமல் விட எனக்குத் தெரியாது.

ஒட்டிவிட்டேன். தொடரின் ஃபேஸ்புக் பக்கத்தில் 'ஒரு ரசிகை' என்ற பெயரில்: "மாமியார் எழுந்து நின்று எத்தனை நாள் ஆச்சு? சம்பளம் அவருக்கா, சோபாவுக்கா?"

மார்ச் 22, சனி

சோபாவுக்கு இத்தனை ரசிகர்களா. சோபாவைத் தனியாகப் படம் பிடித்து 'சிறந்த நடிகை' என்று போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒரு பெண் என்னிடமே வந்து காட்டினாள். சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்தது. இருக்கத்தான் செய்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாடிப்படியில் ஒரு புடவை இறங்கி வந்தது. காமிரா காலிலிருந்து மெல்ல ஏறியது. முகம் வேறு. திரையின் கீழே எழுத்து ஓடியது: "இனி இவருக்குப் பதில் இவர்." பழைய முகம் ஒரு சின்னக் கட்டத்தில் வந்து போனது.

மருமகள் "வாங்க அத்தை" என்று சாதாரணமாகச் சொன்னாள். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எத்தனை தொடரில் இதைப் பார்த்துக் கேலி பண்ணியிருக்கிறேன். இன்று கேலி வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

புதியவள் நன்றாக நடக்கிறாள். நடக்க மட்டும்தான் தெரிகிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

தொடர் ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் டி.வி.யை அணைத்தார். இதுவரை செய்ததில்லை. "ஒண்ணு சொல்லணும், கோபப்படாம கேளு. உங்க அக்கா குடியிருக்கிற பில்டிங் லிஃப்ட் என் ஏரியாதான். ரொம்ப நாளா பேசிட்டுத்தான் இருக்கேன். உன்கிட்ட சொல்ல பயம்."

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படியும் ஒரு வழி திறக்கும் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

"அவங்களுக்கு நரம்பு வியாதி. கை, கால், நாக்கு, ஒவ்வொண்ணா சொன்ன பேச்சு கேக்காம போகுமாம். மருந்து கிடையாது. டைரக்டருக்கு மட்டும்தான் தெரியும். உக்கார வச்சே எடுத்து எப்படியோ ஓட்டிட்டிருந்தாரு. முடியிற வரைக்கும் நடிச்சுக்கிறேன்னு இவங்க கேட்டிருக்காங்க. அது ஒண்ணுதான் கேட்டாங்களாம். யாரோ ஒரு புண்ணியவதி சோபாவுக்குச் சம்பளமான்னு எழுதி, அது ஊரெல்லாம் சுத்தி, சேனல்காரங்க என்ன ஏதுன்னு தோண்டிட்டாங்க."

அந்தப் புண்ணியவதி யாருன்னு அவருக்குத் தெரியாது.

நான் பார்த்தேனே. எல்லாத்தையும் பார்த்தேனே. கை மாறினதைப் பார்த்தேன், நாக்கு குழறினதைப் பார்த்தேன், எழுந்திருக்காததைப் பார்த்தேன். ஒண்ணு விடாம பார்த்துட்டு, சோம்பல்னு எழுதினேன். கூடப் பிறந்தவளுக்கு உடம்பு சரியில்லன்னு ஏன் தோணல? டி.வி.க்குள்ள இருந்தா நடிப்புன்னு அர்த்தமா?

ஏப்ரல் 21, திங்கள்

ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாக ஒரு சட்டை என் மேசையைத் தாண்டிப் போய்விட்டதாம். சூப்பர்வைசர் நம்பவில்லை. "உங்க கண்ணுக்கே தப்பிச்சுதா?" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போனேன். அவர் கீழேயே நின்றுகொண்டார். லிஃப்டில் நான் மட்டும்.

கதவு தாழிடாமல் இருந்தது. ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தாள். முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "வா. சோபாவுல உக்காரு. எனக்குத்தான் சம்பளம் நின்னுபோச்சு" என்றாள்.

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அந்த வாய் நம்ம வீட்டுல ஒண்ணுதானே இருக்கு."

"தெரியாம எழுதிட்டேன்கா."

"நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்க. ஊரே பார்த்துச்சு, நான் எழுந்திருக்கலன்னு உன் கண்ணுக்குத்தான் பட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "படிச்சதும் கோபம்தான். பெத்தவ இருந்தா ரெண்டு அடி வாங்கிக் குடுத்திருப்பேன். அப்புறம், பரவால்ல, தினமும் பார்க்கிறாளேன்னு நெனச்சேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு என்று அலமாரியைப் பார்த்தாலே தெரிந்தது. தொடரில் மாமியார் போடும் மூக்குக்கண்ணாடியை அங்கே துடைத்து வைத்திருந்தாள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம்.

கடைசியில் அதையும் கேட்டேன். அம்மா போன அன்று ஏன் உடனே கிளம்பவில்லை?

"செட்டை அன்னைக்கே பிரிக்கிறாங்க, ஒரே ஒரு ஷாட்டுன்னு கெஞ்சினாங்க. முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கணும், வரல. அது என் தப்பு. ஒரு வரி டயலாக், சொன்னேன். 'கட்'னு சொன்னாங்க. எல்லாரும் எழுந்துட்டாங்க. எனக்கு அழுகை வந்து நிக்கல. அந்தம்மா கால் வெளிய தெரிஞ்சுது, மூடினேன். காமிரா ஓடிட்டிருந்தது எனக்குத் தெரியாது. போடாதீங்கன்னு சொன்னேன். நல்லா வந்திருக்கு, விடுங்கன்னாங்க."

இத்தனை வருடம் விமர்சனம் எழுதியிருக்கிறேன். அவள் நடிக்காத இடம் இரண்டே இரண்டு. ஒன்றைப் பிரமாதமான நடிப்பு என்றேன். இன்னொன்றை மட்டமான நடிப்பு என்றேன்.

மே 30, வெள்ளி

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹாலில் போட்டிருக்கிறோம். எந்தப் பக்கம் தலை வைப்பது என்று அவர் கேட்டார். டி.வி. தெரியும்படி என்றாள்.

கொஞ்ச நாள் லீவு சொல்லிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்று பேரும் சேர்ந்து பார்க்கிறோம். அக்காவுக்குப் பேச அலுப்பு. அதனால் கட்டில் கம்பியில் விரல். ஒரு தட்டு என்றால் நன்று, இரண்டு தட்டு என்றால் உருப்படாது. இன்று பெரும்பாலும் இரட்டைத் தட்டு.

புதியவளின் அழுகைக்கு நான் இரண்டு தட்டினேன். அக்கா ஒன்று தட்டினாள். பிறகு கஷ்டப்பட்டு, "பொண்ணு பயந்திருக்கு. நாலு பேர் என்னோட ஒப்பிடுவாங்கல்ல" என்றாள். அப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சாப்பாட்டைக் கூழாகத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேச்சு போய்விட்டது. நேற்று இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. எது கடைசி வார்த்தை என்று யாரும் கவனிக்கவில்லை. நான்கூடக் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இரவெல்லாம் மூச்சு இழுக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. இன்று அவர் மேல் காட்டிவிட்டேன், உப்பு கூடிப்போச்சு என்று. சமைத்தது நான்.

அக்டோபர் 10, வெள்ளி

தொடரில் மாமியாரைக் கொன்றுவிட்டார்கள். கொல்வதற்கு ஒரு எபிசோடு முழுக்க எடுத்துக்கொண்டார்கள். புதியவள் படுக்கையில் கிடந்தபடி மருமகளை மன்னிக்கிறாள், சொத்தைப் பிரிக்கிறாள், பேரனுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிறாள், பிறகு இடி.

கம்பியில் இரண்டு தட்டு. பிறகும் இரண்டு. பார்த்தால் அக்கா சிரிக்கிறாள், சத்தமில்லாமல், தோள் குலுங்கி. அந்தச் சிரிப்பே புரையேறி முகம் நீலமாகிவிட்டது. அவர் நிமிர்த்திப் பிடித்தார், நான் முதுகைத் தடவினேன். மூச்சு திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் டி.வி.யைக் கண்ணால் காட்டினாள், இன்னும் சாகலையா என்று.

நான் குளியலறைக்குள் போய் அழுதேன். தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவதை எந்தப் படத்தில் பார்த்தாலும் கேலி பண்ணுவேன். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வேறு வழி இல்லை.

நவம்பர் 5, புதன்

விரலும் நின்றுவிட்டது. இனிக் கண் மட்டும். ஒரு சிமிட்டு, இரண்டு சிமிட்டு.

நவம்பர் 14, வெள்ளி

அக்காவின் காலைப் போர்வையால் மூடினேன். கண்ணால் ஒன்று.

டிசம்பர் 1, திங்கள்

கட்டிலை எடுத்துப் போனார்கள். ஹால் பெரிதாகத் தெரிகிறது. சக்கரம் அழுத்திய இடத்தில் தரையில் நான்கு தடம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நாளை மறுநாள் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

மதியத்தில் பழைய எபிசோடுகளை மறுபடி போடுகிறார்கள். சும்மா ஓடட்டும் என்றுதான் விட்டிருந்தேன். அந்தக் காட்சி வந்தது.

'கட்' சொன்ன இடம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. காமிரா கொஞ்சம் தளர்கிறது. ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை எழுந்து நகர்கிறது. தொடர்ச்சி பார்க்கிறவர் விட்டுவிட்டார். இத்தனை தடவை பார்த்தும் நானும் அந்த முழங்கையை விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுகிறாள். அதற்குப் பிறகுதான் கால்.

அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கு இன்னைக்கு எபிசோடு?" என்று, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டார். கேட்டபின் அங்கேயே நின்றார்.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டினேன்.