சந்தையில் எடுக்க வேண்டிய சேலை

நாரணாபுரம்,
மார்கழி, 1961.

பம்பாயில் மில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஆண்டிச்சாமிக்குத் தங்கை மாரித்தாய் வணங்கி எழுதுவது. நான் சொல்லச் சொல்ல ஞானதீபம் டீச்சர் எழுதுகிறார். நலம், நலமறிய ஆவல் என்றுதான் அவர் தொடங்கினார். இந்தத் தடவை அது வேண்டாம் என்று அடிக்கச் சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழித்து லீவில் வருவதாக நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனி விபத்தில் போனபோது அடித்த தந்தி தாமதமாகத்தான் கைக்கு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன்.

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே பஸ் ஏறிவிடாதீர்கள். சந்தை கூடும் நாளாகப் பார்த்து இறங்கி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். மிளகாய் வத்தல் அம்பாரமாகக் கிடக்கும். தும்மாமல் அந்த வரிசையைத் தாண்டிவிட்டால் நீங்கள் இன்னும் நம் ஊர்க்காரர்தான். காராச்சேவும் சூடாகப் போடுகிறார்கள். சின்ன வயதில் எனக்குத் தராமல் நீங்களே தின்று தீர்ப்பீர்களே, அதே சேவு.

சேவுக்காக மட்டும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டைத் தறிச் சேலைக்காரர்கள் அங்கே கடை விரித்திருப்பார்கள். தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலையை அவர்களிடம்தான் எடுக்க வேண்டும். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் எனக்குப் பிறந்த வீட்டுக் கோடி விழவில்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை, நீங்களும் வரவில்லை. கூடியிருந்த பெண்கள் வாசலைப் பார்த்துப் பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். என் மாமியார் எல்லோர் முன்னாலும், "ஒரு கோடி போட நாதியத்தவளையா எம் மகன் கட்டியாந்தான்" என்றார். பெற்ற வயிறு எரிகிறது, பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே கிடந்து அறுக்கிறது.

பம்பாய்ச் சேலையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் யாருக்குத் தெரியும்? சந்தைக்கு எங்கள் தெருவில் பாதிப்பேர் வருவார்கள். அவர்கள் பார்க்க எடுங்கள். சேலைக்காரர் யாருக்கு என்று கேட்பார். தங்கச்சிக்கு என்று சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் பஸ் ஏறும் முன்பே சேதி என் மாமியார் காதுக்கு வந்துவிடும்.

வெள்ளை எடுக்காதீர்கள். தை பிறந்ததும் நானும் அவர் வேலை பார்த்த அதே கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். கருமருந்துக்கு வெள்ளை ஒரு நாள் தாங்காது என்று டீச்சரிடம் சொன்னேன். அது பாதிதான் நிஜம். எனக்கு வெள்ளை பிடிக்கவில்லை, அண்ணே. அரக்கோ பச்சையோ எடுங்கள். நானே வாங்கிக் கட்டினால் ஊர் பேசும். கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போட்ட கோடியை, இது என்ன நிறம் என்று கேட்க இங்கே ஒருவருக்கும் வாய் கிடையாது.

பட்டாசுக் கம்பெனிக்காரனுக்குக் கழுத்தை நீட்டாதே என்று அன்றைக்கே சொன்னீர்கள். வந்த இடத்தில் அதைச் சொல்லிக்காட்டாதீர்கள். அவர் என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார்.

பத்திரமாக வந்து சேருங்கள், அண்ணே. சேலையை என் தோளில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கள். பிறந்த வீட்டு ஆளைக் கட்டிக்கொண்டுதானே அழ வேண்டும். நான் இன்னும் அழவில்லை.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் தங்கை,
மாரித்தாய்.