இரண்டாவது சுருள்

என் கண்ணு பாப்பாவுக்கு, அண்ணன் எழுதுவது.

உன் கருமாதி முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் "அழுதுடுப்பா, நெஞ்சுல வச்சிக்கினு இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அம்மா கூப்பிட்டால் போய் நிற்கிறேன். யாரோ மெயின் சுவிட்சை இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் நம் மோட்டார் வைண்டிங் கடையை இன்னும் திறக்கவில்லை. மல்லாட்டைப் பயிர் தண்ணீரில்லாமல் காய்கிற நேரம். முகையூரிலிருந்து கருகிய மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள், மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். பாவம்தான். ஆனால் செப்புக் கம்பியைத் தொடக் கை போகவில்லை. தொட்டால் உன் மாடல் ஞாபகம் வருகிறது.

திண்டிவனம் கல்லூரியில் நீ பாடம் நடத்தும் பெண்களுக்காகக் கேட்ட மாடல் அது. பாக்டீரியாவில் எந்த ஜீன் ஓட வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற புரதம், அதில் டி.என்.ஏ.வைப் பிடிக்கிற சின்னத் துண்டு. ஒரு சுருள், ஒரு திருப்பம், அடுத்து இன்னொரு சுருள். முதல் சுருள் குறுக்கே கிடந்து தாங்கும். இரண்டாவதுதான் டி.என்.ஏ.வின் பள்ளத்துக்குள் இறங்கி, தன் இடம் இதுதானா என்று தடவிப் பார்க்கும். கொஞ்ச வருடங்களுக்கு முன்புதான் இதன் வடிவமே தெரிய வந்தது என்று கண் விரியச் சொன்னாய்.

நானும் செப்புக் கம்பியில் சுற்றித் தந்தேன். ஃபேன் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பழக்கம். ஒரு சுற்று இந்தப் பக்கம் என்றால் பக்கத்துச் சுற்று எதிர்ப்பக்கம்தானே? இரண்டாவது சுருளை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன்.

"ஐயோ அண்ணா, பேஜாரு பண்ணிட்டியே! இது ஃபேன் இல்ல. ரெண்டும் ஒரே பக்கமாத்தான் சுத்திக்கினு ஏறணும்" என்று என் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்தாய். "மத்த விரலு மடங்குது பாரு, அந்தப் பக்கம்."

சிரித்துக்கொண்டே பிரித்துப் போட்டேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். பிறகு கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை ஓர் ஆளை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்விடுமா, பாப்பா?

நேற்று உன்னோடு வேலை பார்த்த மல்லிகா டீச்சர் வீட்டுக்கு வந்தார். கல்லூரிக் கண்காட்சியில் அந்த மாடலை உன் பேரில் வைக்க வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்களாம். என்னால் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"விட்டுடணும்ண்ணா. நம்ம கலா கிளாஸ்ல சொல்லுவாளே, ஜீன அடக்கி வைக்கிற அந்த ரெப்ரசர் டி.என்.ஏ.வ விட்டாத்தான் ஜீன் ஓடும்னு. நீங்களும் அவள விட்டாத்தான் வேலை பாக்க முடியும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் அப்போதுதான் ஏதோ ஒன்று உறைத்தது.

"இல்லீங்க டீச்சர். அதே துண்டு வேற ஒரு புரதத்துலயும் இருக்குதுன்னு பாப்பா சொல்லியிருக்குது. அது போய்ப் புடிச்சிக்கினாத்தான் ஜீன் நல்லா ஓடுமாம். புடிக்கிறது மட்டுந்தான் அந்தத் துண்டோட வேலையாம். அதனால ஜீன் நிக்குமா ஓடுமான்றது, எங்க புடிக்குது, கூட யாரு இருக்காங்கன்றதப் பொறுத்துதாம்."

டீச்சர், "ஆமாண்ணா, அதுக்குப் பேரு ஆக்டிவேட்டர்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை கடையைத் திறந்தேன். தூசு தட்டினேன். இரண்டாவது சுருளை நீ சொன்ன பக்கமாகவே சுற்றினேன். டி.என்.ஏ.வுக்காக வளைத்து வைத்திருந்த கம்பியின் பள்ளத்தில் வைத்ததும் அப்படியே உட்கார்ந்தது. சந்தோஷம் என்று எதுவும் இல்லை. சரியா என்று யாரிடம் கேட்பது?

ஷட்டர் தூக்கியிருப்பதைப் பார்த்து ஒருவர் வண்டியிலிருந்து மோட்டாரை இறக்கினார். "எப்ப வரட்டும்பா?" என்றார்.

"நாளைக்கு வாங்க" என்றேன். நீ போன பிறகு "நாளைக்கு" என்கிற சொல் என் வாயில் வந்தது அப்போதுதான்.

கண்காட்சி அன்று நீ தினமும் வேலைக்குப் போன ரயிலிலேயே ஏறி, மாடலை நானே மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போவேன். மனசு மரத்துத்தான் கிடக்கிறது, கிடக்கட்டும். உன்னை விட மாட்டேன், பாப்பா. பிடித்துக்கொண்டேதான் வேலை பார்ப்பேன்.

உன் கூடப்பிறந்த
அண்ணன்