மென்றால் இனிக்கும் ரொட்டி

அன்புள்ள அக்காவுக்கு, “இங்கே அனைவரும் நலம், அதுபோல நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்” என்றுதான் இந்த உறையில் முதலில் இருக்கும் கடிதம் தொடங்கும். அது வழக்கம்போல அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதற்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் இது அவர் சொல்லாதது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று நான் தினமும் நினைக்கிறேன், அது உண்மை. ஆனால் இங்கே நாங்கள் நலமாக இல்லை அக்கா. அப்பாவின் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு இதை அப்புறம் பார்க்கலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே, நின்றபடியே படித்துவிடு.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டாலும் யாரும் கேட்காத இடம் இது ஒன்றுதான். ஆனால் இங்கேயும் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அப்பா இப்போதெல்லாம் ராத்திரியில் நான்கு தடவை, ஐந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்க வருகிறார், திரும்பிப் போய் ஒரு செம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிக்கிறார், மறுபடி வருகிறார். சற்று முன்பு கதவைத் தட்டினார். வயிற்று வலி என்று சொன்னேன். “சரி சரி, நிதானமா வா, நான் பின்பக்கம் போய்க்கறேன்” என்று போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மூன்று மணிக்குப் பேக்கரிக்குக் கிளம்ப எழுந்துவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் சொல்லலாமே என்று நீ நினைப்பாய், ஆனால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிட்டு அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும்தானே, என்ன சொல்ல முடியும் அதில்.

நீ வேலைக்குப் போன மறு மாதம் பேக்கரியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததும், அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், நீ போனில் அழுதுகொண்டே “இனிமே நம்ம வீட்ல சர்க்கரையே இருக்கக் கூடாது” என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா? அம்மா அதைச் சட்டமாக்கிவிட்டாள். அன்றைக்கே சர்க்கரை டப்பாவைக் காலி செய்து கழுவி அதில் உப்பைக் கொட்டி வைத்தாள். பேக்கரியில் மாவு பிசைகிற மீசை அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அவரே டப்பாவைத் திறந்து டீயில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தை மாற்றாமல் “அண்ணி, டீ பிரமாதம், கடற்கரையில உக்காந்து குடிச்ச மாதிரியே இருக்கு” என்றார். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஒன்றரை வருடமாக அப்பா ஒரு துளி இனிப்புத் தொட்டதில்லை, அது உண்மை. கேக் அடுக்குகிற இடத்தில் நின்றுகொண்டே தொடவில்லை. அதனால்தான் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இனிப்பு இல்லையே என்று அம்மா மற்றதை எல்லாம் கூட்டிவிட்டாள். “இனிப்பே இல்லாம வாழுற மனுஷன், சோறாவது வயிறு நெறைய சாப்பிடட்டும்” என்று சொல்லி அப்பா கையைக் குறுக்கே வைத்தாலும் விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி போடுவாள். கூடவே உருளைக்கிழங்கு. காலையில் பேக்கரியில் ஒவ்வொரு தடவை அடுப்பைத் திறக்கும்போதும் முதல் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துச் சாப்பிட்டுப் பார்ப்பார், அது அவர் வேலை, ஒரு நாளைக்கு ஆறு தடவை அடுப்பு திறக்கும். சாயங்காலம் சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று ஒரு பாக்கெட். அந்தப் பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் சர்க்கரை இல்லை என்றுதான் இருக்கிறது, ஆனால் பின்பக்கம் பொடி எழுத்தில் முதல் பெயரே மைதா. டாக்டர் கொடுத்த மாத்திரை மூன்று மாதத்தில் தீர்ந்தது, அப்புறம் வாங்கவில்லை. “இனிப்பையே தொடாதவனுக்கு மாத்திரை எதுக்கு?” என்றார். ஒரே ஒரு தடவை மறுபடி ரத்தம் பார்க்கப் போனார், அதற்கு முன்பு இரண்டு நாள் வெறும் காய்கறியாகச் சாப்பிட்டார், பரீட்சைக்கு முந்தின நாள் நான் படிக்கிற மாதிரி. அன்றைக்கு எண் கொஞ்சம்தான் அதிகம் என்று வந்தது. அந்தத் தாளை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறார்.

போன மாதம் அறிவியல் வகுப்பில் டீச்சர் என்னிடம், நீதான் ரொட்டி மாஸ்டர் பெண்ணாயிற்றே, நாளைக்கு எல்லோருக்கும் ரொட்டி கொண்டு வா என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “டீச்சருக்குன்னா ரெண்டாவது அடுப்பு ரொட்டிதான் குடுக்கணும், அதுதான் பஞ்சு” என்று அவரே வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டு வாயில் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொன்னார். எல்லோரும் மாடு அசை போடுகிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். கொஞ்ச நேரத்தில் என் வாய் இனித்தது அக்கா. அப்பா ரொட்டியில் சர்க்கரை போடுவதே இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் இனித்தது. மாவுச்சத்து என்பதே சர்க்கரையை மணி மணியாகக் கோத்த மாலைதான், எச்சில் அதை அறுக்க ஆரம்பிக்கிறது, வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போனதும் மிச்சம் எல்லாம் அறுந்துவிடுகிறது, ரத்தத்துக்குள் போகும்போது ரொட்டியும் இல்லை, சோறும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை, வெறும் சர்க்கரைதான் என்று டீச்சர் சொன்னார். பருப்பு, காய், தவிடு நீக்காத தானியம் கூட இருந்தால் மெதுவாகப் போகுமாம், வெள்ளை ரொட்டியும் வெள்ளைச் சோறும் நிறையச் சாப்பிட்டால் ஓட்டமாக ஓடிப் போய் நிற்குமாம். “எந்த டப்பாலேருந்து வந்துச்சுன்னு ரத்தம் கேக்காது” என்றார். எல்லோரும் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்கள். எனக்கு மட்டும் அந்த இனிப்பு போகவே இல்லை. அப்படியென்றால் ஒன்றரை வருடமாக நாம் எதை நிறுத்தினோம்?

அன்று சாப்பிடும்போது சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார். “முப்பது வருஷமா அடுப்புல வேகுறேன், எனக்கே ரொட்டி பாடமா? ரொட்டி இனிச்சா நான் ஏன் கேக்குக்குத் தனியா சர்க்கரை வாங்குறேன், போய் உங்க டீச்சரக் கேளு” என்றார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. கரண்டியில் எடுத்த சோற்றோடு அப்படியே நின்றாள். “அப்போ நானேவா அவருக்கு இத்தனை நாளா...” என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அப்புறம் கழுவின பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அது என் தப்பு. மறுநாளும் அப்பா தட்டை நீட்டினார், அவள் கொஞ்சம் தயங்கினாள், “என்ன, நீயும் பள்ளிக்கூடம் சேந்துட்டியா?” என்றார், அவள் போட்டுவிட்டாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். தினமும் சாயங்காலம் அப்பாவின் ஷூவைப் பழைய பேப்பரில் தட்டி மாவை உதிர்ப்பது என் வேலை. பதினோரு நாளைக்கு முன்பு தட்டும்போது இடது ஷூவிலிருந்து ஒரு தகரக் கிளிப் விழுந்தது, மாவு மூட்டையின் வாயில் போடுகிற பெரிய கிளிப், அதன் முனை முழுக்க ரத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன், அப்பா சாக்ஸோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல வைத்திருந்தார், சாக்ஸின் அடி சிவப்பாக நனைந்திருந்தது. விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அதன் மேல் நின்று வேலை செய்திருக்கிறார் அக்கா, அவருக்குத் தெரியவே இல்லை. நான் காட்டினதும் “அட, இதைக் காலையிலேருந்து தேடிட்டிருந்தோம்” என்றார், கிளிப்பைப் பார்த்து. வலிக்கவில்லையா என்று கேட்டேன். “எனக்கெல்லாம் இதுவா வலிக்கும், அடுப்புச் சூடு பட்டுப் பட்டு காலு மரக்கட்டை ஆயிருச்சு குட்டி” என்று என் தலையைத் தட்டினார். அவர் அதைத் தைரியம் என்று நினைக்கிறார். சர்க்கரை ரொம்ப நாள் அதிகமாக இருந்தால் காலில் நரம்பு செத்துப்போகும், வலி தெரியாது என்று நான் பள்ளி நூலகத்தில் படித்திருந்தேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்துவிட்டேன். பெரியவளிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

புண் ஆறவில்லை. முதலில் ஒரு பொத்தான் அளவு இருந்தது, இப்போது என் உள்ளங்கையில் பாதி இருக்கிறது, ஓரம் கறுத்துவிட்டது, நேற்றிலிருந்து நாற்றம் வருகிறது. அவர் பேக்கரியில் கிடக்கிற சுத்தமான துணியைச் சுற்றி அதன் மேல் சாக்ஸ் போட்டுக்கொள்கிறார், துவைக்க என்னிடம்தான் தருகிறார். நான் அம்மாவுக்கு முன்னால் எழுந்து துவைத்துவிடுகிறேன். சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனபோது மீசை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாஸ்டர் அடுப்புச் சூடு காட்டுற முள்ளைப் பக்கத்துல போய்ப் பாத்தும் தப்பாப் படிக்கிறாரு, இந்த வாரம் மட்டும் ரெண்டு தட்டு கருகிப் போச்சு, நான்தான் என் தப்புன்னு சொல்லிக்கிட்டேன், கண்ணாடியை மாத்தச் சொல்லும்மா” என்றார். அது கண்ணாடிக் கோளாறு இல்லை, சர்க்கரை கண்ணையும் தொட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும், ஆனால் அவரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். எல்லோரும் அப்பாமேல் இருக்கிற பிரியத்தில் ஆளுக்கு ஒன்றை மறைக்கிறோம்.

இன்றைக்கு டீச்சரிடம், யாருக்காவது சர்க்கரை இருந்து காலில் புண் ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. தள்ளினா காலையே எடுக்க வேண்டி வரும், சில பேருக்கு உசுருக்கே ஆபத்து. யாருக்குடா?” என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். உனக்குக் கடிதம் எழுதினால் நீ போன் செய்து அப்பாவை அதட்டி டாக்டரிடம் அனுப்பிவிடுவாய், நீ சொன்னால் அவர் கேட்பார் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதுதான் உறைத்தது, இது உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும். ஒரு நாளே கூடாது என்றால் ஐந்து நாள் எப்படி? அதனால் இடையில் எழுந்து போய் அவருடைய ஷூவை எடுத்து வந்துவிட்டேன். இரண்டும் என் காலடியில் இருக்கின்றன. ஷூ இல்லாமல் அடுப்புப் பக்கம் போக முடியாது. மூன்று மணிக்கு அவர் தேடுவார், சத்தம் போடுவார், அம்மா எழுந்துவிடுவாள், அப்போது நான் கதவைத் திறந்து சொல்லப்போகிறேன். சத்தியத்தை மீறுவது என்ன பாவமோ தெரியவில்லை, ஆனால் அவருடைய கால் போய்விட்டால் அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

இது உனக்குக் கிடைக்கும்போது அவர் டாக்டரிடம் போயிருப்பார், அல்லது என்னால் முடியாமல் போயிருக்கும். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய். காலைக் காட்டச் சொல், மூன்று மாதச் சராசரி தெரிகிற ரத்தப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறதாம், அதில் இரண்டு நாள் காய்கறி சாப்பிட்டு ஏமாற்ற முடியாது, அதை எடுக்கச் சொல். அம்மாவிடம் தனியாகப் பேசு, நீதான் சோறு போட்டுக் கெடுத்தாய் என்று யாரும் நினைக்கவில்லை, நமக்கெல்லாம் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல். நான் சொன்னால் சின்னப் பிள்ளை என்பாள். உன்னையும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. போனில் எப்போது கேட்டாலும் பன்னும் டீயும் சாப்பிட்டேன் என்கிறாய். நீயும் அப்பாவின் பிள்ளைதான், நானும்தான். பருப்பும் காயும் சேர்த்துச் சாப்பிடு, ஒருநாள் ரத்தம் பார்த்துக்கொள்.

தாளில் இடம் முடிகிறது. கீழே இருக்கும் கையெழுத்தைப் பார்த்துக் குழம்பாதே, அது அப்பா போட்டதுதான். சாயங்காலம் அவர் சொன்ன கடிதத்தை எழுதி முடித்து, கையெழுத்துக்காக நீட்டினபோது தவறுதலாக அதற்கு அடியில் இருந்த இந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். அப்போது இதில் ஒரு எழுத்துகூட இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு நேராகப் பிடித்து, விரலை மேலிருந்து கீழ் வரைக்கும் மெதுவாக ஓட்டிப் படித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, “முத்து முத்தா எழுதியிருக்க குட்டி, பெரியவ படிச்சா சந்தோஷப்படுவா” என்று சொல்லி, வழக்கமான ஆசியையும் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நல்லா இரு கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, எங்களைப் பத்திக் கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அப்பா